அறுந்த நரம்பு மீண்டும் வளருமா?

நரம்பு எப்படி வளர்கிறது, அறுந்தால் எப்படி மீள்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது என் வேலை. நான் மருத்துவர் அல்ல, மருந்துச் சீட்டு என்னிடம் கிடைக்காது. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: சார், என் தம்பி பைக்கில் இருந்து விழுந்து தோள்பட்டை நரம்பு இழுபட்டுவிட்டது. மூன்று மாதமாகக் கை தொங்குகிறது. "தானா சரியாகும், காத்திருங்க" என்கிறார்கள். எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

முதலில் ஒரு கணக்கு. அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், அதாவது மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். கழுத்தில் சேதமானால் விரல் வரை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நரம்பு போய்ச் சேர இரண்டு வருடம் ஆகிவிடும். தசை அதுவரை காத்திருக்காது. நரம்பின் தொடர்பு இல்லாத தசை மெலிந்துகொண்டே போகும். 12 முதல் 18 மாதம் தாண்டிவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தாலும் அதை ஏற்கும் நிலையில் இருக்காது.

நரம்புக் காயங்களை 1943-இல் பிரிட்டிஷ் மருத்துவர் செட்டன் மூன்றாகப் பிரித்தார். வெறும் அதிர்ச்சி என்றால் சில வாரங்களில் தானே சரியாகும். உள்ளிழை அறுந்து உறை தப்பியிருந்தால் மெதுவாக வளரும். உறையோடு சேர்ந்து அறுந்திருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமல் ஒன்றும் நடக்காது. "காத்திருங்க" என்பது முதல் இரண்டுக்கு மட்டுமே சரியான பதில். மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லை என்றால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலில் அறுவை சிகிச்சை செய்பவரை இப்போதே பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் செய்தால் பலன் கூடுதல். தூரத்தைச் சுருக்கவும் வழி இருக்கிறது. முழங்கையை மடக்கும் தசைக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு நரம்பிலிருந்து ஓர் இழையை எடுத்து, அந்தத் தசையின் நரம்போடு தைத்துவிடுவார்கள். 1994-இல் ஓபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்த முறை இது. இழை கொடுக்கும் நரம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அறுந்த உடனே உள்ளே என்ன நடக்கும்?

1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்தார். செல்லின் உடலிலிருந்து துண்டிக்கப்பட்ட பகுதி சிதைந்துபோனது, உடலோடு ஒட்டியிருந்த பகுதி பிழைத்தது. மருத்துவர்கள் இன்றும் இதை வாலர் சிதைவு என்கிறார்கள். சிதைந்த குப்பையை வெள்ளையணுக்களும், நரம்பைச் சுற்றியிருக்கும் ஸ்வான் செல்களும் சுத்தம் செய்கின்றன. பிறகு ஸ்வான் செல்கள் வரிசையாக நின்று பழைய பாதையைத் திறந்தே வைத்திருக்கும். வறண்ட வாய்க்கால் போல. தண்ணீர் திரும்பி வந்தால் பழைய வழியிலேயே ஓடும். முளைக்கும் இழையின் நுனியில் துழாவிக்கொண்டே நகரும் ஒரு கூம்பு இருக்கும். ஸ்பெயினின் ரமோன் இ கஹால் 1890-இல் செத்த திசுவில் அதைப் பார்த்தே "இது நகரும் பொருள்" என்று கணித்தார். 1907-இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் துண்டை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்து, இழை வளர்வதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

கோவையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்: கையில் வளரும் நரம்பு தண்டுவடத்தில் மட்டும் ஏன் வளர்வதில்லை? செல்லே வேறு ரகமா?

பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். மூளை, தண்டுவடப் பாதைகள் வளர்ந்தபின் மாறாதவை என்று கஹாலே எழுதிவைத்தார். 1981-இல் மான்ட்ரியலில் அகுவாயோவும் டேவிட்டும் எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். வளராது என்று கைவிடப்பட்ட அதே செல்கள் அந்தத் துண்டுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. பாலத்தின் மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. இந்தத் துறையில் எனக்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தால் இதைத்தான் சொல்வேன். அதுவரை செல்லின் மேல் இருந்த பழி பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் மேல் போனது.

சுற்றுப்புறத்தில் தடுப்பது எது? சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப், தண்டுவட இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையான மயலினிலேயே வளர்ச்சியை நிறுத்தும் புரதம் இருப்பதைக் காட்டினார்; பின்னாளில் அதற்கு நோகோ என்று பெயர் வந்தது. காயத்தின் வடுவில் சேரும் சர்க்கரைப் புரதங்கள் இன்னொரு தடை. அவற்றை நொதியால் கரைத்தபோது எலிகளின் தண்டுவட இழைகள் ஓரளவு வளர்ந்ததை 2002-இல் லண்டன் குழு ஒன்று காட்டியது.

ஆனால் செல்லுக்கும் பங்கு உண்டு. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உணர்வுச் செல்லுக்கு இரண்டு கிளைகள்: ஒன்று தோலுக்கு, இன்னொன்று தண்டுவடத்துக்குள். தோல் கிளை அறுந்தால் வளரும், உள் கிளை வளராது. ஆனால் தோல் கிளையை வேண்டுமென்றே காயப்படுத்தினால் உள் கிளையும் வளரத் துணிகிறது. செல் விழித்துக்கொள்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடியும். 2008-இல் பி.டி.இ.என் என்ற மரபணுவை நீக்கிய எலிகளில் கண் நரம்பே மீண்டும் வளர்ந்தது. அந்த மரபணு புற்றுநோயைத் தடுப்பதும்கூட, அதனால் மனிதரிடம் சும்மா நீக்கிவிட முடியாது.

மதுரைக்காரர்: பல்லிக்கு வாலே முளைக்கிறதே, அதுக்குள்ள தண்டுவடமும் முளைக்குமா?

பாதிதான். புதிய வாலில் ஒரு குழாய் வருகிறது, அசல் தண்டுவடம் வருவதில்லை. வாலை ஆட்டும் நரம்புகள் மிச்சமிருக்கும் அடிப்பகுதியிலிருந்து நீண்டு வருபவை. தண்டுவடத்தையே சரிசெய்துகொள்ளும் விலங்கு வேண்டுமென்றால் வரிக்குதிரை மீனைப் பாருங்கள். வெட்டிய ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்பவும் நீந்தும்.

திருச்சியிலிருந்து ஓர் அக்கா: கண்ணாடி குத்தி மணிக்கட்டு நரம்பைத் தைத்து நான்கு மாதம் ஆகிறது. உள்ளங்கையைத் தட்டினால் விரல் வரை ஷாக் அடிக்கிறது. பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் நல்ல அறிகுறிதான், அக்கா. வளரும் நுனி மேலுறை இல்லாமல் இருப்பதால் தட்டினால் சிலிர்க்கும். 1915-இல் பிரான்சின் டினெல் எழுதியது இது. ஷாக் தோன்றும் இடம் மாதாமாதம் விரல் பக்கம் நகர்கிறதா என்று குறித்துவையுங்கள். நகர்ந்தால் நரம்பும் நகர்கிறது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தைத்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணர்வு எந்த வரிசையில் திரும்புகிறது என்பதை அறிய 1903-இல் லண்டன் நரம்பியலாளர் ஹென்றி ஹெட் தன் கையிலேயே ஒரு நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார்! கேம்பிரிட்ஜில் நான்கு வருடத்துக்கும் மேல் அவர் கையை ஊசியாலும் பஞ்சாலும் தொட்டுத் தொட்டுச் சோதித்தவர் மருத்துவரும் மானிடவியலாளருமான ரிவர்ஸ். ஆம், சற்று முன்தான் நீலகிரியில் தோடர்களோடு இருந்து ஆய்வு செய்துவிட்டுத் திரும்பியிருந்த அதே ரிவர்ஸ். முரட்டு வலி முதலில் திரும்பியது, மென்மையான தொடுகை வெகு நாள் கழித்துத்தான் வந்தது. அதை வைத்து அவர்கள் கட்டிய கொள்கை பின்னர் அடிபட்டுப்போனது; கவனித்து எழுதிவைத்த குறிப்புகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. உங்களுக்கும் தொடுகை தாமதமாகத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு சாவி, காசு, பஞ்சு என்று தொட்டு அடையாளம் காணும் பயிற்சியை விடாதீர்கள். இழைகள் கொஞ்சம் இடம் மாறிப் போய்ச் சேர்வதால் மூளை மறுபடி பழக வேண்டியிருக்கிறது.

கல்லூரி மாணவர்: கருவில் இத்தனை கோடி நரம்புகளுக்கு எங்கே போய்ச் சேரணும்னு யார் வழி சொல்றது?

வேதிக் குறிகள். 1940களில் ராஜர் ஸ்பெரி தவளையின் கண் நரம்பை வெட்டி, கண்ணையும் தலைகீழாகத் திருப்பிவைத்தார். நரம்பு வளர்ந்து பார்வை வந்தது. ஆனால் மேலே ஈ பறந்தால் தவளை கீழே நாக்கை நீட்டியது, கடைசி வரை திருத்திக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு இழையும் தன் பழைய இடத்தையே தேடிப் போயிருக்கிறது, அந்த ஏற்பாடு பயனற்றதானாலும். நெட்ரின், எஃப்ரின் போன்ற வழிகாட்டிப் புரதங்கள் 1990களில்தான் கைக்குக் கிடைத்தன. சில இழுக்கும், சில விலக்கும்.

போய்ச் சேர்ந்தாலும் பிழைப்பு நிச்சயமில்லை. தண்டுவடத்தின் இயக்கச் செல்களில் ஏறக்குறைய பாதி கருவிலேயே சாகும். பிழைக்க வைக்கும் ஒரு சத்தைக் கண்டுபிடித்தவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. முசோலினியின் இனச் சட்டத்தால் வேலை இழந்து, இத்தாலியில் தன் படுக்கையறையிலேயே கோழி முட்டைகளை வைத்து ஆய்வைத் தொடங்கினார். அந்த நரம்பு வளர்ச்சிக் காரணிக்காக 1986-இல் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நோபல் பெற்றார்.

ஒரு தாத்தா: வயசான மூளையிலும் புதுச் செல் உண்டாகுமா?

எலிக்கு உண்டு என்று 1960களில் ஆல்ட்மன் சொன்னபோது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. மனிதருக்கும் உண்டு என்று 1998-இல் ஒரு குழு காட்டியது. 2018-இல் ஒரே வருடத்தில் ஒரு குழு "பெரியவர்களிடம் இல்லை" என்றது, இன்னொரு குழு "முதுமையிலும் உண்டு" என்றது. சண்டை ஓயவில்லை. நினைவுக்குரிய ஒரு சிறு பகுதியில் கொஞ்சம் உண்டாகலாம் என்பது என் சாய்வு. மூளை முழுக்கப் புதுப்பிக்கும் என்று லேகியம் விற்பவரை நம்ப வேண்டாம், ஐயா.

பி12 ஊசி போட்டால் நரம்பு வளருமா?

பி12 குறைவால் கெட்ட நரம்புக்கு உதவும். அறுந்த நரம்பை ஒட்டாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்கள் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளலாம்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தை: மகனுக்குத் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. ஓர் இடத்தில் ஸ்டெம்செல் ஊசிக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கான செல் மாற்று தவிர மற்றவை பதிவுசெய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்மையான ஆய்வு எப்படி நடக்கிறது என்றால், டோக்கியோ கெயோ பல்கலைக்கழகத்தில் அடிபட்ட சில வாரங்களுக்குள் இருந்த நான்கே பேருக்கு ஆளுக்கு 20 லட்சம் செல்கள் வைத்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு பேரிடம் முன்னேற்றம் என்று அறிவித்தார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாததால் அதுவும் செல்லின் பலனா, தானே வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஷ்வாபின் நோகோ தடுப்பு மருந்தும் பெரிய சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை என 2024-இல் தெரிந்தது. பாதி மட்டும் அறுந்தவர்களிடம் சில நல்ல குறிகள் தென்பட்டன. அந்தப் பணத்தைப் படுக்கைப் புண் வராமல் பார்ப்பதற்கும், சிறுநீர்ப்பைப் பராமரிப்புக்கும், பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

வேலூர் பக்கத்திலிருந்து: அப்பாவுக்குத் தொழுநோய் குணமாகிப் பல வருடம் ஆகிறது. மடங்கிப்போன விரல்கள் இனி நிமிரவே வாய்ப்பில்லையா?

தொழுநோய்க் கிருமி குடியிருப்பது ஸ்வான் செல்லுக்குள்ளேயே. பல வருடம் கழித்து நரம்பு திரும்பாது, ஆனால் விரல் நிமிரலாம். வேலை செய்யும் தசையின் நாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை உங்கள் ஊர்ப் பக்கமே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்து காட்டினார். மூட்டு இறுகிப்போயிருந்தால் முதலில் பயிற்சி கொடுத்துத் தளர்த்துவார்கள். அப்பாவை ஒருமுறை கை அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். உணர்வு திரும்பாது என்பதால் சூடான பாத்திரத்தை மட்டும் துணி இல்லாமல் தொடவிடாதீர்கள்.