மூட்டை தூக்கும் பயிற்சி மட்டும் முதுகைக் காக்குமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் சிப்பம் ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கு, முழங்காலை மடக்கி முதுகை நிமிர்த்தித் தூக்க வேண்டும் என்று ஒரு நாள் வகுப்பு நடத்தினோம். இருந்தும், இடுப்புவலி என்று விடுப்பு எடுப்போர் குறையவில்லை. எல்லோருக்கும் இடுப்புப் பட்டை வாங்கித் தரலாமா?
- ஆலை மேலாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பட்டை வேண்டாம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், கடைப் பணியாளர்களிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஆய்வில், பட்டை அணிந்தவர்களுக்கு முதுகுவலி குறைந்ததாகத் தெரியவில்லை. வகுப்பால் பலன் கிடைக்காததும் உங்கள் ஆலையில் மட்டும் நேர்ந்ததன்று. தூக்கும் முறையைச் சொல்லித் தருவதால் மட்டும் முதுகுவலியைத் தடுக்க முடிவதில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பும் கூறுகிறது.

இதற்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். முழங்கால்களுக்கு இடையில் அடங்காத அகலமான மூட்டையைக் குந்தித் தூக்க முயன்றால், அது உடலைவிட்டு முன்னே தள்ளிப்போய், முதுகின்மேல் விழும் பளு கூடிவிடுகிறது. நியாஷ் வகுத்த கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்த நிலையில் ஒருவர் தூக்கத் தகுந்த எடையே 23 கிலோதான். கணுக்கால்களிலிருந்து கைகள் 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது பாதியாகிறது. அதே நிலையில் இடுப்பை 90 பாகை திருப்பவும் நேர்ந்தால் ஏறத்தாழ 8 கிலோவாகிவிடுகிறது. சில்லறைக்குக் கட்டும் 26 கிலோ சிப்பமே இந்த வரம்புகளை மீறுகிறது என்றால், 50 கிலோ மூட்டையை எந்த வகுப்பு பாதுகாப்பானதாக்கிவிடும்?

எனவே முதலில் மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பு. சிப்பங்களைத் தரையில் அடுக்காமல், இடுப்பளவு உயரமுள்ள மேடையிலோ பலகை அடுக்கின் மீதோ வைத்தால், குனிந்து தூக்கும் தேவை பெருமளவு நீங்கும். லாரியின் தளத்துக்கு ஏற்ற உயரத்தில் ஏற்றுமேடையும், குடோனுக்குள் தள்ளுவண்டியும், முடிந்தால் கன்வேயரும் அமையுங்கள். 50 கிலோ மூட்டையை ஒருவரே தரையிலிருந்து எடுக்க வேண்டிய நிலை இருக்கவே கூடாது.

இவற்றைச் செய்த பிறகு தரும் பயிற்சிக்குப் பொருள் உண்டு. அதை அறையில் படம் காட்டி நடத்தாமல், குடோனிலேயே, அவர்கள் அன்றாடம் தூக்கும் அதே சிப்பங்களைக் கொண்டு, சிறு குழுக்களாக, சில வாரங்களுக்கு ஒருமுறை நடத்துங்கள். சுமையை வயிற்றோடு ஒட்டிப் பிடிப்பது, இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புவது, இருவர் தூக்கும்போது ஒருவரின் குரலுக்கு இருவரும் சேர்ந்து எழுவது ஆகிய மூன்றும் கைவந்தாலே பெரிது. அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரையே பயிற்றுநராக்குங்கள். வெளியாள் சொல்வதைவிட அவர் சொல் எடுபடும். உறக்கத்தில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி விறைத்திருப்பதால், விடியற்காலையில் வந்தவுடன் தரைமட்ட மூட்டைகளை எடுக்கச் சொல்லாமல், முதலில் இலகுவான வேலைகளைக் கொடுப்பது நல்லது.

சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி தருகிறீர்களானால், அதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். வேகத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும் இடத்தில், துணைக்கு ஆள் வரட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே வலியுள்ளவர்களில், காலில் மரத்துப்போதலோ வலுக்குறைவோ உள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர் கழிப்பதில் தடையோ தொடைகளுக்கு இடையே உணர்ச்சியின்மையோ தோன்றினால், அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும்.