தடகளத்திலிருந்து ஒலிம்பிக் வெள்ளி வரை: ஆன்-செசீல் சியோஃபானி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பிரான்ஸின் ரக்பி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) வீராங்கனை சியோஃபானி, ரக்பிக்கு வருமுன் என்ன விளையாடினார்?

பதில்: தடகளம், அதிலும் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லான். அப்பா வால்டர் சியோஃபானியும் தடகளக்காரர்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சுக்காகச் சங்கிலிக் குண்டு எறிந்தவர்.

கேள்வி: வேகமாக ஓடத் தெரிந்தாலே செவன்ஸுக்குப் போதாதா?

பதில்: போதாது. ஓட்டக்காரர்கள் முதலில் சறுக்குவது டாக்கிளில்தான், அதாவது பந்தோடு ஓடும் எதிராளியைப் பிடித்து வீழ்த்துவதில். ஓடுகிற ஓட்டத்திலேயே கையை மட்டும் நீட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். எதிராளி ஒரு காலை மாற்றி வைத்தால் கையில் காற்றுதான் மிஞ்சும். நெருங்கும்போது அடியைச் சிறிதாக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்காலை அவர் அருகே ஊன்றி, தோளை இடுப்பு மட்டத்தில் பதித்து, இரு கைகளாலும் இறுக்கிக் கட்ட வேண்டும். தலை அவர் உடலுக்குப் பின்பக்கம் இருக்கட்டும். முன்னால் குறுக்கே போனால் முழங்கால் நேராகத் தலையில் மோதும்.

இன்னொன்று மூச்சு. பாதிக்கு 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம்தான். ஆனால் சில மணி நேரத்தில் அடுத்த ஆட்டம் வந்துவிடும். ஒரே ஒரு 100 மீட்டருக்குப் பழகிய கால், பத்தாவது ஓட்டத்தில் சொன்னபடி கேட்காது.

கேள்வி: புள்ளி எடுத்த அணியே மறுபடி பந்தை உதைக்கிறதே, தவறா?

பதில்: இல்லை, செவன்ஸ் விதியே அதுதான். 15 பேர் ஆட்டத்தில் புள்ளி கொடுத்த அணி உதைக்கும், இங்கே நேர்மாறு. அதனால் உதைத்த பந்தை எம்பிப் பிடிக்கத் தெரிந்த அணி, எதிராளிக்குப் பந்தே கொடுக்காமல் இரண்டு மூன்று ட்ரை (எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) அடித்துவிடும். உயரம் தாண்டிப் பழகியவர்களுக்கு நல்ல இடம் இது.

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரான்ஸ் எப்படி இறுதிவரை போனது?

பதில்: 2021 ஜூனில் மொனாக்கோவில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றில்தான் இடமே கிடைத்தது. அடுத்த மாதம் அரையிறுதியில் பிரிட்டனை 26-19 என வென்றார்கள். இறுதியில் நியூசிலாந்திடம் 12-26. அந்த ஆண்டின் உலகச் சிறந்த செவன்ஸ் வீராங்கனை விருது சியோஃபானிக்கு.

கேள்வி: செவன்ஸ், 15 இரண்டும் ஆட முடியுமா?

பதில்: அதே டோக்கியோ அணியின் கரோலின் த்ரூவாங் 15 பேர் உலகக் கோப்பையிலும் ஆடியவர். உதைப்பவர்களுக்கு மட்டும் பழக்கம் மாற வேண்டும். 15-இல் ட்ரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்கு உதைக்கும்போது பந்தைத் தாங்கியில் நிறுத்தி நிதானமாக உதைக்கலாம். செவன்ஸில் அதற்கு டிராப் கிக்தான் (பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் பட்டுத் துள்ளும்போது உதைப்பது), அதுவும் 30 நொடிக்குள். கையிலிருந்து விடும்போது பந்து நேராக விழாவிட்டால் தரையில் கோணலாகத் துள்ளும். கால் எவ்வளவு நன்றாக வீசினாலும் கம்பத்துக்கு வெளியேதான் போகும்.