ஆடும் யானையும் சுழலும் பம்பரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுவதற்காக யானை வடிவில் ஒரு நாற்காலி வரைந்து தச்சரிடம் கொடுத்தேன். "துதிக்கை முறிந்துவிடும், நாற்காலி பின்பக்கம் கவிழும்" என்கிறார். படத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– ஓர் ஓவியர், கும்பகோணம்

பதில்: அவர் சொன்ன இரண்டுமே உண்மை. ஆனால் யானையைக் கைவிட வேண்டியதில்லை.

முதலில் துதிக்கை. தேக்குப் பலகையில் மர நார் நேராக ஓடும். அதில் வளைந்த துதிக்கையை அறுத்தால் வளைவின் நடுவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடும். பிள்ளை ஒருமுறை பிடித்துத் தொங்கினாலே அந்த இடத்தில் பிளக்கும். 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அப்போதும் துதிக்கையின் மிகக் குறுகிய இடம் 5 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. இன்னும் நல்ல வழி, துதிக்கை நுனியை அந்தரத்தில் விடாமல் கீழே இறக்கி, தரையைத் தொட்டு ஆடும் அடிவளைவின் முன்முனையோடு சேர்ப்பது. இரு பக்கமும் பிடிப்பு கிடைக்கும். பிள்ளைக்குக் கைப்பிடியும் ஆயிற்று. தச்சரின் "முறியும்" என்ற சொல்லிலிருந்து படத்துக்கு இப்படி ஒரு நல்ல கோடு கிடைக்கிறது. அதனால்தான் படத்தை முடித்துவிட்டுப் போகாதீர்கள், பாதியிலேயே பட்டறைக்குப் போங்கள் என்கிறோம்.

அடுத்தது கவிழ்வது. உட்காரும் பலகை தரையிலிருந்து 28 செ.மீ. உயரம் என்றால், பிள்ளையின் எடை மையம் அதற்கு மேல் சுமார் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். வளைவின் ஆரம் இதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நாற்காலி தானாக நடுவுக்குத் திரும்பும். உங்கள் யானையின் வயிறு அழகாக உருண்டு, ஆரம் 40 செ.மீ. அளவில் இருந்தால் கவிழ்வது உறுதி. 70 செ.மீ. வையுங்கள். 150 செ.மீ. போட்டால் வளைவு தட்டையாகி ஆட்டம் குறைந்துவிடும்.

இதைத் தாளில் பேசித் தீர்க்க முடியாது. 6 மி.மீ. பிளைவுட்டைத் தரையில் போட்டு, ஓர் ஆணி அடித்து, 70 செ.மீ. நூலில் பென்சிலைக் கட்டி வளைவை வரையுங்கள். அதன்மேல் யானையை அதன் முழு அளவில் வரையுங்கள். இதுதான் டெம்ப்ளேட். அசல் பக்கப் பலகைகள் இரண்டையும் கிளாம்ப் போட்டு ஒன்றாக அழுத்தி, இதை வைத்து ஒரே மூச்சில் ரூட்டர் (மரத்தைச் செதுக்கும் மின்கருவி) ஓட்ட வேண்டும். தனித்தனியாக அறுத்தால் இரு வளைவும் ஒரு நூல் அளவாவது மாறும். பிறகு ஆடும்போதெல்லாம் "டக் டக்" சத்தம். நாற்காலி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். வளைவைப் பின்பக்கம் முதுகுப் பலகைக்கு அப்பால் 10 செ.மீ. நீட்டி, முனையில் ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள்.

பக்கப் பலகை 60 × 55 செ.மீ.க்குள் அடங்கினால், எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட் ஒன்றில் மூன்று நாற்காலி எடுக்கலாம். விளிம்பையெல்லாம் 3 மி.மீ.க்குக் குறையாமல் உருட்டுங்கள். 7 முதல் 12 மி.மீ. வரையான இடைவெளி எங்கும் வேண்டாம், சின்ன விரல் சிக்கும். ஆடும் காதுகள் வேண்டுமென்றால் கீல் வைக்காமல் தடித்த ஃபெல்ட் துணியில் செய்யுங்கள். பிள்ளையை உட்கார வைக்கும் முன் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டி முழு வீச்சில் ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: பம்பரம் போலச் சாய்ந்து சுழலும் நாற்காலியின் படம் பார்த்தேன். மரத்தில் செய்ய முடியுமா?
– ஒரு கடைசல் பட்டறைக்காரர், மதுரை

பதில்: நீங்கள் பார்த்தது பிரிட்டனைச் சேர்ந்த தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த 'ஸ்பன்' நாற்காலியாக இருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது பெரிய ஜாடி போலிருக்கும். சாய்த்து உட்கார்ந்தால் விளிம்பின் மேல் ஒரு முழு வட்டம் உருளும். குறுக்கே 91 செ.மீ., உயரம் 78 செ.மீ. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே வடிவம். உட்காருமிடம், முதுகு, கைப்பிடி மூன்றையும் ஒரே கோடுதான் தீர்மானிக்கிறது. அந்த ஒரு கோட்டை உடம்புக்கு இதமாக அமைத்ததைத்தான் நாங்கள் பெரிய சாதனையாகக் கருதுகிறோம்.

முதலில் உலோகத் தகட்டைச் சுழற்றி அச்சின் மேல் அழுத்திச் செய்தார்கள். நம் ஊர் அலுமினியப் பாத்திரப் பட்டறைகளில் நடக்கும் ஸ்பின்னிங் வேலைதான். பிறகு 2010இல் இத்தாலியின் மாஜிஸ் நிறுவனம் பாலிஎத்திலீனில் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கியபடியே அந்த அச்சை இரண்டு திசைகளில் சுழற்றுவார்கள். உருகிய தூள் உட்சுவரெங்கும் படியும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்யும் அதே முறை. முழுக்க ஆறும் முன் வெளியே எடுத்தால் விளிம்பு கோணும். கோணிய விளிம்பில் நாற்காலி சீராக உருளாது.

மரத்தில் முடியும், ஆனால் கடினம். வளையம் வளையமாக ஒட்டித்தான் கடைய வேண்டும். ஒரு வளையத்துக்கு 12 துண்டு என்றால் ஒவ்வொரு முனையும் 15 பாகை. வெட்டுக்கு அரைப் பாகை பிசகினாலும் 24 வெட்டில் 12 பாகை சேர்ந்து, கடைசித் துண்டு உட்காராது. 91 செ.மீ. குறுக்களவு உங்கள் கடைசல் இயந்திரத்தில் சுற்றுமா என்பதையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். பாதி அளவில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேள்வி: ஓவியர் ஒருவர் வரைய, நான் செய்து விற்கப்போகிறேன். என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?
– ஒரு மரச்சாமான் பட்டறை உரிமையாளர், திருப்பூர்

பதில்: டெம்ப்ளேட் யாருடைய சொத்து, எத்தனை மாதிரி வரை உங்கள் செலவு, விற்பனையில் ஓவியருக்குத் தரும் பங்குத் தொகையைக் கணக்கிடுவது பட்டறை விலையிலா கடை விலையிலா என்ற மூன்றையும் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் மூன்றாவதில்தான் வரும். தயாரித்தவர் பெயரும் வரைந்தவர் பெயரும் ஒன்றாகவே நாற்காலியில் இருக்கட்டும்.

2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால், வடிவம் புதியதல்ல என்று பதிவு மறுக்கப்படலாம். ஆகவே, மாதிரி முடிந்த உற்சாகத்தில் யாரும் படமெடுத்துப் போட்டுவிடாதபடி பட்டறைப் பையன்களிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.