மே மாதத்தில் கோடியக்கரை: கடிதம்

வணக்கம் ஐயா. மூன்று வருடமாகக் கோத்தகிரிச் சோலைகளில் பறவைப் படம் எடுக்கிறேன். மே விடுமுறையில் குடும்பத்தோடு கோடியக்கரை போகிறோம். "சீசன் முடிஞ்சு போச்சு, அங்க ஒண்ணும் இருக்காது" என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா? என்னிடம் இருப்பது 400 எம்எம் லென்ஸ்.
– வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போங்கள். அக்டோபரில் வலசை வந்த பறவைக் கூட்டம் மார்ச், ஏப்ரலில் வடக்கே போய்விடும், உண்மைதான். ஆனால் கரையோரப் பறவைகளில் வயது வராத இளசுகள் சில போகாமல் தங்கிவிடும். இங்கேயே முட்டையிடுகிற பறவைகளுக்கோ இதுதான் காலம்: ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், சிறு ஆலா. கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று சொல்லிவந்தோமே, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கும் அந்தச் சிறு பறவையை 2023இல் தனி இனமாகப் பிரித்து ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதற்காகவே ஒரு நடை போகலாம்.

சோலையில் சிரிப்பான் குருவியைப் படம் எடுக்க மரத்து மறைவில் பதுங்கிக் கிட்டே போவீர்கள். கோடியக்கரை உப்பளத்தில் அந்தப் பழக்கம் ஆகாது. மறைவு கிடையாது, முட்டையோ மண் நிறத்தில், வெறும் தரையில் கிடக்கும். உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினாலும், ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தாலும் படம் எடுக்க நிற்காதீர்கள். காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். கொதிக்கிற வெயிலில் ஆட்காட்டி தண்ணீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். அடைகாப்பது அப்போது சூடேற்ற அல்ல, குளிரவைக்க. நீங்கள் அங்கே நின்றால் அது இறங்காது, முட்டை வெயிலில் வெந்துபோகும்.

ஆறு மணிக்கெல்லாம் வரப்பில் இருங்கள், எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் கானல் அலையும். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் குழையும். ஃபோகஸ் தப்பு என்று லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். தூரம் கூடக்கூடக் கானலும் கூடும் என்பதால் இன்னும் பெரிய லென்ஸ் வாங்கியும் பயனில்லை, 400 போதும். காலை வெயிலும் காற்றும் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், முகம் உங்கள் பக்கம் இருக்கும்.

வெளிச்சத்தில்தான் மலைக்காரர்கள் ஏமாறுவார்கள். கறுத்த தண்ணீர்மேல் வெள்ளை ஆலா பறந்தால் கேமரா தண்ணீரைக் கணக்கிட்டு இறகை வெளுக்கவைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். வெள்ளை உப்புப் பாத்தியில் அதே பறவை நின்றால் நேர்மாறு, முக்கால் ஸ்டாப் கூட்ட வேண்டும். பறக்கும் ஆலாவுக்கு ஷட்டர் வேகம் 1/2500 நொடிக்குக் குறையக் கூடாது.

ஏசி அறையில் கிடந்த கேமராவை வெளியே வந்ததும் பையிலிருந்து எடுத்தால் லென்ஸில் பனி படியும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டியபடி அரைமணி வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

சரணாலயத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் ஏறுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.

திரும்பியதும் லென்ஸின் முன்கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத்தூள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு லேசாக நனைத்த துணியால் ஒற்றி, கடைசியில் உலர்ந்த துணி. ஜூனில் நம் மலையில் ஈரம் ஏறிவிடும். லென்ஸைப் பையிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவுக்கு உடனே மாற்றிவிடுங்கள்.