தலைகீழ் வளைவுகளின் பெயர்க்காரணம்

கேள்வி: பயணிகளைத் தலைகீழாகக் கொண்டு செல்லும் ரோலர் கோஸ்டர் வளைவுகளுக்கு ‘கோப்ரா ரோல்’, ‘இம்மெல்மேன்’, ‘நார்வீஜியன் லூப்’ என்றெல்லாம் பெயர்கள் வழங்குகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பதில்: இவற்றுக்குப் பெயர் சூட்டத் தனி அமைப்பு எதுவும் கிடையாது. பெரும்பாலும் வடிவமைத்த நிறுவனமோ பூங்காவோ வைத்த பெயர் பரவி நிலைத்துவிடுகிறது. படமெடுத்த நாகத்தின் தலையைப் போன்ற தோற்றத்தால் வந்தது ‘கோப்ரா ரோல்’. 1975இல் ஆரோ நிறுவனம் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் அமைத்த கோஸ்டரின் பெயரே ‘கார்க்ஸ்குரூ’; புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவியை அதன் தண்டவாளம் நினைவூட்டியது. ‘நார்வீஜியன் லூப்’ என்பது 2006இல் நார்வேயின் டுசன்ஃபிரிட் பூங்காவில் திறக்கப்பட்ட ‘ஸ்பீட் மான்ஸ்டர்’ கோஸ்டரில் முதலில் இடம்பெற்றதால், அந்த நாட்டின் பெயரால் அறியப்படுகிறது.

இவற்றைவிட ஆழமான வரலாறு கொண்டது ‘இம்மெல்மேன்’. முதல் உலகப் போரில் ஃபோக்கர் ஒற்றைச் சிறகு விமானத்தை ஓட்டி, 1916 ஜூன் மாதம் தம் 25ஆம் வயதில் உயிரிழந்த ஜெர்மானிய விமானி மாக்ஸ் இம்மெல்மேனின் பெயர் அது. வண்டி அரை வட்டமாக மேலேறித் தலைகீழான பின், அரைச் சுற்று முறுகி நிமிர்ந்து, வந்த திசைக்கு எதிராக வெளியேறுவதே இந்த வளைவு. வானூர்திச் சாகசத்தில் இன்று அதே பெயரால் சொல்லப்படும் அசைவும் இதுவே. ஆனால், இம்மெல்மேன் போர்க்களத்தில் செய்தது வேறு என்பதே வரலாற்றாய்வாளர்களின் பொதுவான கருத்து. எதிரியைத் தாக்கிவிட்டுச் செங்குத்தாக மேலேறி, வேகம் குறையும் தருணத்தில் வால்பகுதிச் சுக்கானால் விமானத்தைத் திருப்பி, மீண்டும் அதே எதிரியின் மீது பாய்வது அவர் வழக்கம் என்று அவர்கள் கருதுகின்றனர். குறைந்த ஆற்றல் கொண்ட அந்தக் கால விமானத்தை எண்ணிப் பார்த்தால் இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆக, அவர் பறந்து காட்டியிராத ஓர் அசைவு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்றே சொல்ல வேண்டும்.

பெயர்களெல்லாம் வானத்திலிருந்து பூங்காவுக்கு இறங்கியவை என்று எண்ணிவிடக் கூடாது. செங்குத்து வளையத்தைக் குறிக்கும் ‘லூப்’ என்ற பெயர் எதிர்த்திசையில் சென்றது. நியூயார்க்கின் கோனி தீவில் 1901இல் ‘லூப் தி லூப்’ என்ற கோஸ்டர் ஓடத் தொடங்கிவிட்டது. ரஷ்ய விமானி பியோத்தர் நெஸ்டெரோவ் விமானத்தைச் செங்குத்து வட்டமாகச் சுழற்றிக் காட்டியதோ 1913இல்தான். பூங்காக்களில் பழகிய சொற்றொடரையே விமானிகள் தங்கள் சாகசத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வளையத்தின் வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கோனி தீவில் 1895இல் வந்த ‘ஃபிளிப் ஃபிளாப்’ கோஸ்டரின் வளையம் ஏறத்தாழ 7.6 மீட்டர் விட்டமுள்ள முழு வட்டம் என்பதால், சமதளத்திலிருந்து வண்டி சட்டென்று வளைவுக்குள் நுழையும்போது பயணிகளின் கழுத்து கடுமையாகத் தாக்குண்டது. முழு வட்டத்தில், உச்சியை விழாமல் கடப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் சென்றாலும், அடியில் தம் எடையைப் போல் 6 மடங்கு அழுத்தத்தைப் பயணி தாங்க வேண்டியிருக்கும். 1976இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ஆன்டன் ஷ்வார்ஸ்கோப் கட்டிய ‘ரெவல்யூஷன்’ கோஸ்டருக்காகப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வட்டத்தைக் கைவிட்டு, அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் வளைவு படிப்படியாக இறுகும் ‘குளோத்தாய்டு’ வடிவத்தைக் கையாண்டார். ரயில்பாதைகள் நேர்கோட்டிலிருந்து வளைவுக்கு மாறும் இடங்களிலும் பயன்படும் இந்த வளைகோட்டுக்கு, விதியின் நூலை நூற்கும் குளோத்தோ என்ற கிரேக்கத் தேவதையின் பெயரைச் சூட்டியவர் இத்தாலியக் கணிதவியலாளர் எர்னெஸ்டோ செசாரோ.

ஸ்டெங்கலின் பெயரிலும் ஒரு வளைவு இருக்கிறது. நெதர்லாந்தில் 2002இல் திறக்கப்பட்ட ‘கோலியாத்’ கோஸ்டரில் இடம்பெற்ற ‘ஸ்டெங்கல் டைவ்’, 90 பாகைக்கும் மேலாகப் பக்கவாட்டில் சாய்கிறது. எனினும் முழுதாகப் புரளாமல் நிமிர்ந்துவிடுவதால், தலைகீழ் வளைவுகளின் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.