வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ பரீட்சையைத் திரும்ப எழுத 5 கிழமை போதுமா?
தங்கச்சி, போன கிழமை எழுதியதில் கணிதத்தில் 151 புள்ளிதான், விண்ணப்பம் மூட இன்னும் 5 கிழமைதான் என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். போதும், பயப்படாதீர்கள். போன தடவை எழுதிய நாளிலிருந்து 21 நாள் கழித்துத்தான் திரும்ப எழுத விடுவார்கள், பெறுபேறு வர 8 முதல் 10 நாள் ஆகும், ஆகவே அந்த 21 நாள் முடிந்து, இன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் வருகிற ஒரு நாளை இன்றே பதிவு செய்யுங்கள். ஆங்கிலச் சொற்கள் படிப்பதை இப்போதைக்கு விடுங்கள். கணிதத்தின் முதல் பகுதி 12 கேள்வி, 21 நிமிடம், அதை நன்றாகச் செய்தால்தான் இரண்டாவது பகுதி கடினமாக வரும், கூடிய புள்ளியும் அப்போதுதான் கிடைக்கும், அதனால் தினமும் நேரம் வைத்து அதையே செய்து, பிழைத்த கணக்கை அன்றிரவே திரும்பப் போடுங்கள். வீட்டிலிருந்து எழுதலாம்தான், ஆனால் மழைக்கு கரண்ட் போகும் ஊர் நம்முடையது. பரீட்சை நிலையத்திலேயே எழுத, பரீட்சைக்கு முதல் நாளே கொழும்புக்கு ரயில் ஏறிவிடுங்கள்.