பதினாறு நாளில் பதினோரு ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதக் கட்டுரையில், உங்கள் அப்பா ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்தும் மூன்றே இடம்தான் சுற்றிப் பார்த்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 64. மகன் டல்லாஸில் இருக்கிறான். ஜூலையில் நானும் மனைவியும் முதன்முறையாகப் போகிறோம். அவன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்: நியூயார்க், வாஷிங்டன், நயாகரா, சிகாகோ, ஆர்லாண்டோ, லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, யெல்லோஸ்டோன், ஹூஸ்டன். 16 நாளில் 11 இடம். எனக்கு முழங்கால் வலி, மனைவிக்குச் சர்க்கரை. ஆனால் பிள்ளை ஆசையாகப் போட்டிருக்கிறான், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எதை விடலாம்? உங்கள் அப்பா ஏன் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா நிறுத்திக்கொள்ளவில்லை. எனக்கு லீவு இல்லை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், ஆண்டுக்குப் பத்து நாள் விடுப்பு. நானும் உங்கள் மகனைப் போல எக்ஸெல்லில் பட்டியல் போட்டவன்தான்.

நியூஜெர்சியில் குடியிருந்ததால் நியூயார்க் பக்கம். சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகுக்கு வரிசை நீளமாக இருந்தது. ஸ்டேட்டன் ஐலண்ட் படகில் ஏறிவிட்டோம். அதற்கு டிக்கெட்டே கிடையாது, சிலையைத் தாண்டித்தான் போகும். அப்பாவுக்கு அந்த ஓசிப் பயணம் ரொம்பப் பிடித்துப்போய், போய்த் திரும்பி மறுபடியும் ஏறினார். அம்மா சிலையைப் பார்த்துவிட்டு, "செம்புதானே? களிம்பு ஏறிப்போய் நிக்குது. புளி போட்டுத் தேய்க்க ஆள் இல்லையா?" என்றாள். 1886இல் திறந்தபோது அது செம்பு நிறத்தில்தான் இருந்திருக்கிறது. 1906இல் பச்சைக்கு மேல் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு பேச்சு வந்து, ஊர்க்காரர்கள் கூடாது என்று சண்டை போட்டார்கள். அந்தப் பச்சைதான் உள்ளேயிருக்கும் செம்பைக் காக்கிறதாம். தகடு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். அம்மா தேய்த்தால் தாங்காது.

கிராண்ட் கேன்யனில் தப்பு என்னுடையது. டிசம்பரில் போனோம். லாஸ் வேகஸில் பதினொரு மணிக்குக் கிளம்பி, வழியில் தயிர்சாதம் சாப்பிட்டு, மேதர் பாயின்ட்டில் வண்டியை நிறுத்தியபோது என் கடிகாரத்தில் நாலேகால். அங்கே மணி ஐந்தேகால். குளிர்காலத்தில் அரிசோனா, நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சூரியன் இறங்கிவிட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரம், குளிர் காதை அறுக்கிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தை அப்பா கால் மணி நேரம் பார்த்தார். அதற்காக ஒன்பது மணி நேரம் கார்ப் பயணம், போகவர.

அங்கே உள்ள பாறைச் சிகரங்களுக்கு விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள் என்றெல்லாம் பெயர் உண்டு. 1880களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் ஆரம்பித்து வைத்த பழக்கம். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லித்தான் அவ்வளவு தூரம் உட்கார வைத்திருந்தேன். "விஷ்ணு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். இருட்டு கவிந்துகொண்டிருந்தது. வடமேற்கே தெரிந்த பெரிய பாறை ஒன்றைக் காட்டினேன். ஸ்வெட்டருக்குள் இருந்து கையை எடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தால், விஷ்ணு இருப்பது கிழக்கே. அந்தப் பக்கம் இருப்பது சிவா. அம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

இனி நயாகரா. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஆகஸ்டில் போனோம். பகலில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். நீல பிளாஸ்டிக் அங்கி, படகு, நனைந்த புடவை, முப்பது போட்டோ. இரவில் அருவிக்கு வண்ண விளக்கு போடுவார்கள் என்று சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மணி பத்தரை இருக்கும். அப்பா என் தோளைத் தொட்டு, "தம்பி, தண்ணி கொறஞ்சிருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். "அருவிக்கு யாருப்பா ஷட்டர் போடுவாங்க?"

"சத்தம் மாறுது. கேளு."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. ஆனால் அவர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் வாய்க்கால் கரையில் படுத்துக்கொண்டு, மேலே எவனாவது மடையை அடைத்தால் சத்தத்தை வைத்தே எழுந்துவிடுகிற ஆள். சரி, அவர் திருப்திக்கு என்று காலையில் விடுதி வரவேற்பறையில் கேட்டேன். அந்தப் பெண் சர்வசாதாரணமாக, "ஆமாம், பத்து மணிக்குக் குறைத்துவிடுவார்களே" என்றாள்.

அன்றைக்கு ஆயிரம் தீவுகள் போவதாகத் திட்டம். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். ஷட்டரைப் பார்க்க வேண்டுமாம். அருவிக்குக் கொஞ்சம் மேலே ஆற்றில் 18 மதகுகளோடு ஒரு கட்டுமானம் இருக்கிறது, தூரத்தில் இருந்து காட்டினேன். அப்புறம் லூயிஸ்டனில் உள்ள மின்நிலையத்தின் பார்வையாளர் கூடத்துக்குப் போனோம். அனுமதி இலவசம். அங்கேதான் விஷயம் முழுதாகப் புரிந்தது.

1950இல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுவரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணிவரை வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விழ வேண்டும், வருகிறவர்கள் பார்ப்பதற்காக. அதற்கப்புறம் 50,000 போதும். மிச்சத் தண்ணீர் மின்சாரத்துக்கு, இரண்டு நாட்டுக்கும் சரிபாதி. இரவில் திருப்பிய நீரின் ஒரு பகுதியைப் பம்ப் செய்து ஏரியில் தேக்கி, பகலில் மின்சாரத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். 1969இல் அமெரிக்கப் பக்கத்து அருவியை மண்ணணை போட்டுச் சில மாதம் முழுவதுமாக நிறுத்தியே விட்டார்கள், அடியில் குவிந்த பாறைகளை அகற்றலாமா என்று பார்க்க. கடைசியில், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. கன அடி என்றால் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் நீர்மட்டத்தை வாசித்துவிட்டுத்தான் பேப்பரில் மற்றதைப் படிப்பார். "லட்சம் கன அடின்னா நம்ம ஊர்ல வெள்ள எச்சரிக்கை. இவன் வேடிக்கைக்கு விடுறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரிபாதின்னா, எவன் அளக்கிறான்?"

இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து அளக்கிறார்கள் என்றேன்.

"ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணா வருதாமா?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. வெளியே வரும்போது அங்கே வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தில் நாலைந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஊருக்குப் போய் டீக்கடையில் அதன் படத்தைக் காட்டி விளக்கினார் என்று தம்பி போனில் சொன்னான். நான் எடுத்த போட்டோ ஆல்பத்தை அவர் யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். நியூயார்க், வாஷிங்டன், நயாகரா மூன்றையும் ஒரே கிழக்குப் பயணமாக எட்டு ஒன்பது நாள் நிதானமாகப் போங்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியங்கள் எல்லாம் இலவசம், உட்கார நிறைய இடமும் உண்டு. கிராண்ட் கேன்யன் போவதென்றால் ஓர் இரவாவது அங்கேயே தங்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். ஆர்லாண்டோவைப் பேரப்பிள்ளை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹூஸ்டன் டல்லாஸிலிருந்து நாலு மணி நேரம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அனுப்புங்கள், பழி என்மேல் இருக்கட்டும்.

லூயிஸ்டனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மின்வாரியக்காரர் நீங்கள், நான் அப்பாவுக்குச் சொன்னதில் எத்தனை தப்பு என்று அங்கே போனால் தெரிந்துவிடும். அதற்கு முந்தின இரவு பத்து மணிக்கு அருவிக் கம்பி ஓரமாக நில்லுங்கள். குளிருகிறது, அறைக்குப் போகலாம் என்று மகன் கூப்பிடுவான். பதினொன்று வரை போகாதீர்கள்.